பிராண்ட் துரையின் இறக்கப் பாட்டு

கொடைக்கானலில் கிறிஸ்தவராகச் சாகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வாழ்ந்த காலமெல்லாம் பக்கத்துத் தோட்டத்து வேலியை நகர்த்தியே பொழுதைப் போக்கியவராக இருந்தாலும் சரி, பெற்ற பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தவராக இருந்தாலும் சரி, பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஸ்டீவன் மாஸ்டர் சாக்ஸபோனை எடுத்து இறக்கப் பாட்டை வாசித்துவிடுவார். அதைக் கேட்ட பிறகு அந்த ஆளைத் திட்ட யாருக்கும் மனசு வராது.

அந்தப் பாட்டுக்கு வார்த்தை கிடையாது. பெட்டி இறங்கும்போது வாசிப்பதால் இறக்கப் பாட்டு, அவ்வளவுதான். முதலில் சாக்ஸபோன் தனியாகப் போகும். கயிறு பிடித்திருக்கிறவர்கள் அதன் நடைக்குத்தான் கயிற்றை விடுவார்கள். அவசரப்பட்டால் மாஸ்டர் வாசித்துக்கொண்டே கண்ணால் முறைப்பார். முதல் பிடி மண் விழுந்ததும் ட்ரம்பெட்டும் யூஃபோனியமும் சேர்ந்துகொள்ளும். வில்பட்டியில் பூண்டுத் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு வருகிற பொன்னுவேல், துணி சுற்றிய கோலால் பெரிய ட்ரம்மை அடக்கமாகத் தட்டுவார். அவர் பழனிக்குப் போய் மொட்டை போடுகிறவர். ஆனாலும் தன் அப்பா செத்தபோது சுடுகாட்டில் அந்தப் பாட்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மாஸ்டரும் போய் வாசித்தார்.

பாட்டைக் கொடுத்தவர் ஓலுஃப் பிராண்ட் என்ற டென்மார்க்குக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில், மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த தன் அக்காவிடம் நெஞ்சு நோய்க்கு வைத்தியம் பார்க்க வந்தவர். வேறு சபைக்காரர். இருந்தும் நம் கோயில் பேண்டைத் தேடிவந்து பழகினார். அந்த பேண்டின் முதல் தலைவர் உபகாரம், ஸ்டீவன் மாஸ்டரின் தாத்தா. செத்தவர்களுக்கு வாசிக்க ஒரு கீதம் வேண்டும் என்று அவர் கேட்க, துரை இதைச் சொல்லிக்கொடுத்தாராம். முதன்முதலாக ஒரு சாவில் அதை வாசித்தபோது துரை கல்லறை வாசலில் நின்று, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாராம். உபகாரம் தன் கண்ணால் பார்த்தது. அவர் மகனுக்குச் சொல்லி, மகன் ஸ்டீவனுக்குச் சொல்லி, அந்த அழுகை குடும்பத்துச் சொத்தாகவே ஆகிவிட்டது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை போட்ட பேண்டு ரூமில் துரையின் படம் இன்றும் தொங்குகிறது. நடுவகிடு எடுத்த தலை, ஒடுங்கிய முகம், கழுத்தில் சாக்ஸபோன். கல்லறைத் திருநாளன்று அந்தப் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் பேண்டு கிளம்பும்.

மாஸ்டருக்கும் சரி, பேண்டுக்கும் சரி, அது ஒரு நல்ல பாட்டு என்பதோடு முடிந்திருக்கும். ஆக்னல் சாகாமல் இருந்திருந்தால்.

ஆக்னல், மாஸ்டருக்கு ஒரே மகன். பேண்டில் சின்ன ட்ரம் அடிப்பான், சீசனில் டாக்ஸி ஓட்டுவான், மற்ற நாளில் அம்மாவிடம் திட்டு வாங்குவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ட்ரம்முக்குத் தோல் மாற்ற பழனிக்குப் போனவன், திரும்பி வரும்போது பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் கேரட் லாரிக்கு அடியில் போய்விட்டான். அம்மாவுக்கென்று ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்கிப் பையில் வைத்திருந்தான். அதில் ஒரு பழம்கூட நசுங்கவில்லை. கடவுளுக்கு எதைக் காப்பாற்ற வேண்டும் என்று சில சமயம் தெரிவதில்லை.

அடக்கத்தன்று பேய் மழை. மாஸ்டரின் மனைவி சூசையம்மாள் பெட்டியைக் கட்டிப் பிடித்தவள் விடவே இல்லை. அவளுடைய அக்கா இழுத்துப் பார்த்தாள், சிஸ்டர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டுக் குடைக்குக் கீழே நின்றுகொண்டே இருந்தார். பெட்டியின் ஓரத்தைப் பிடித்திருந்த விரலெல்லாம் வெளுத்துப்போயின. கடைசியில் வேறு வழியில்லாமல் மாஸ்டர் சாக்ஸபோனை எடுத்தார். பெற்ற பிள்ளைக்கு அப்பனே வாசிப்பதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். வேறு யார் வாசிப்பது? அவர் வாசித்தார். மூன்றாவது வரி போகும்போது சூசையம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு விரலாக எடுத்து, தானாகவே பெட்டியை விட்டாள்.

"நான் விடலங்க" என்று பின்னால் அவள் சொல்லுவாள். "அந்தப் பாட்டு வந்து எங் கையப் பிடிச்சு எடுத்துவிட்டுச்சு. புள்ளயப் பறிகொடுத்த யாரோதான் இதப் போட்டிருக்கணும். இல்லேன்னா இப்பிடி வராது."

அன்று முதல் அவளுக்கு அந்தப் பாட்டுதான் சகலமும். அடுப்படியில் முனகுவாள், துணி துவைக்கும்போது முனகுவாள். அடக்கத்துக்குப் பிறகு தூக்கம் போய்விட்ட அவள், ராத்திரியில் அதை முனகி முனகித்தான் கண்ணை மூடினாள். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரே, மாத்திரை எதற்கு, அதையே பாடுங்கள் என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். தன் தாத்தா காலத்துப் பாட்டு தன் பெண்டாட்டியை உயிரோடு வைத்திருக்கிறது என்று நினைக்கும்போது அவருக்கு துரையின் காலில் விழலாம் போலிருக்கும்.

போன அக்டோபரில் இங்கர் என்ற ஒரு டென்மார்க்கு அம்மாள் பேண்டு ரூமைத் தேடி வந்தாள். அறுபது வயசுக்கு மேலிருக்கும். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவள். ஓலுஃப் பிராண்டின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மாஸ்டர் படத்தைக் காட்டியதும் அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டென்மார்க்கில் ஓலுஃப் பிராண்டின் படம் எந்தச் சுவரிலும் கிடையாதாம்.

மாஸ்டருக்கு டூரிஸ்டுகளோடு பழகிய இங்கிலீஷ் உண்டு. ரிசார்ட்டில் கேம்ப் ஃபயர் பக்கத்தில் நின்று சினிமாப் பாட்டு வாசிக்கிறவருக்கு அது இல்லாமல் முடியாது. டீயை வரவழைத்துக் கொடுத்துவிட்டு, துரையின் கதையைக் கேட்க ஆசையோடு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இங்கர் சொன்னாள். பிராண்ட் ஒரு ரொட்டிக் கடைக்காரர் மகன். கோயிலில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த பையன். லண்டனுக்குப் போன இடத்தில் அமெரிக்கக் கறுப்பர்கள் சிலர் வாசித்ததைக் கேட்டான். கேட்டவன் ஊருக்குத் திரும்பி, கிளாரினெட்டை விற்றுவிட்டு சாக்ஸபோன் வாங்கினான். கோபன்ஹேகனில் ஒரு ஓட்டலில் முதல்முதலாக ஜாஸ் பேண்டு வைத்தவர்களில் அவனும் ஒருவன். உட்கார இடமில்லாமல் ஜனம் ஜன்னலில் தொங்கியது. பேப்பர்காரர்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரிச் சத்தம் என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு இன்னும் கூட்டம் வந்தது.

"நாலு வருஷம்" என்றாள் இங்கர். "நாலு வருஷம் அவர் ராஜா."

அப்புறம் இளசுகள் வந்தார்கள். நிஜமான ஜாஸ் என்ன என்று தெரிந்தவர்கள். பிராண்டைக் கோமாளி என்றார்கள். உண்மையில் அவர் கொஞ்சம் கோமாளிதான், மேடையில் வாத்து மாதிரி சத்தம் போட்டு வாசிப்பார் என்று அவளே ஒப்புக்கொண்டாள். பேண்டு கலைந்தது. ட்ரம் அடித்தவனோடு பெண்டாட்டி போய்விட்டாள். பிராண்ட் கப்பலில் வாசிக்கிற வேலைக்குப் போய், கொழும்பு ஓட்டலில் வாசித்து, நெஞ்சில் நோயை வாங்கிக்கொண்டு இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். நோய் கொஞ்சம் தேறியதும் ஊருக்குத் திரும்பினார். அங்கே யாருக்கும் அவரை ஞாபகமில்லை. கடைசிக் காலத்தில் வீடு வீடாகப் போய் பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தார். செத்தபோது கல்லறைக்கு வந்தவர்களை ஒரு டாக்ஸியில் அடக்கிவிடலாம். ஒரு பாட்டும் இல்லை.

ஊரில் செத்தவர்களையெல்லாம் பாட்டோடு வழியனுப்பி வைத்த மனுஷனுக்கு ஒரு பாட்டு இல்லாமல் போய்விட்டதே என்று மாஸ்டர் எழுந்தார். சாக்ஸபோனை எடுத்து, படத்தைப் பார்த்து நின்றுகொண்டு, இறக்கப் பாட்டை முழுசாக வாசித்தார். மனசார வாசித்தார். முடித்துவிட்டுத் திரும்பினால் இங்கரின் கண்ணில் தண்ணீர். ஆனால் அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"அப்படியானால் அது உண்மைதான்" என்றாள். "கிழவர் கதை கட்டுகிறார் என்று நினைத்திருந்தேன்."

எது உண்மை என்று மாஸ்டர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். கேட்காமலும் இருக்க முடியாது.

அவள் செல்போனை எடுத்து ஒரு பழைய ரெக்கார்டைப் போட்டாள். முதலில் கரகரப்பு. அப்புறம் சாக்ஸபோன், பான்ஜோ, தடதடவென்று ட்ரம். துள்ளிக் குதிக்கிற பாட்டு. மாஸ்டருக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. காது புரிந்துகொண்டதை மனசு ஏற்றுக்கொள்ளவில்லை. இறக்கப் பாட்டேதான். அதே வரி, அதே திருப்பம், மூன்றாவது வரியில் அதே ஏற்றம். நாலு மடங்கு வேகம். நடுவில் ஆண்கள் கூட்டமாகப் பாடுகிறார்கள், கண்ணாடிக் கோப்பைகள் மோதிக்கொள்கின்றன, யாரோ ஏப்பம் விடுகிற மாதிரி சாக்ஸபோன் கத்துகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள்.

அது பீர் குடிக்கிற பாட்டு. கேரன் என்ற சாராயக்கடைப் பெண்ணிடம் இன்னொரு கோப்பை ஊற்று, ஊற்றும்போது இன்னும் கொஞ்சம் குனி என்று கேட்கிற பாட்டு. பிராண்டின் ரெக்கார்டுகளில் நன்றாக விற்றது அது ஒன்றுதான்.

"அவரே இதை மெதுவாக்கினாரா?" என்றார் மாஸ்டர். "செத்தவர்களுக்காக, நினைத்து நினைத்து, இப்படி மாற்றினாரா?"

அவர் அதைக் கேட்ட குரலை இங்கர் கவனித்திருந்தால் அடுத்ததைப் போட்டிருக்க மாட்டாள். சாவதற்கு முன்னால் ரேடியோவில் பிராண்ட் கொடுத்த பேட்டி அது. கிழட்டுக் குரல் என்னவோ சொல்கிறது. இங்கர் நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னாள்: மலையில் ஒரு கோயில் பேண்டு இருந்தது. தங்கமான பையன்கள். சாவுக்கு ஒரு பாட்டு கேட்டார்கள். என்னிடம் ஏது சாவுப் பாட்டு? கேரனை மெதுவாக நடக்கவைத்துக் கொடுத்தேன். முதல் சாவில் அவர்கள் முகத்தை அப்படி வைத்துக்கொண்டு அதை வாசித்தபோது, சிரிப்பை அடக்க என் தொப்பியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதைச் சொல்லிவிட்டுக் கிழவர் சிரித்தார். இருமல் கலந்த சிரிப்பு. பேட்டி எடுத்தவனும் சிரித்தான். தொப்பி, குலுங்கிய தோள். உபகாரம் தாத்தா பார்த்தது எல்லாம் சரிதான். அவர் பொய் சொல்லவில்லை.

மாஸ்டரின் முகத்தைப் பார்த்துத்தான் இங்கருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று உறைத்தது. செல்போனை அமர்த்தினாள். அந்த நேரம் பார்த்து பொன்னுவேல் ட்ரம்மை எடுக்க உள்ளே வந்தார். வெளியிலேயே சிரிப்பைக் கேட்டிருந்தவர், மேசைமேல் செல்போனில் துரையின் படத்தைப் பார்த்துவிட்டு, "துரை குரலு போனுக்குள்ள கெடக்கா மாஸ்டர்? நல்லா சிரிக்கிறாரே" என்று சந்தோஷப்பட்டார்.

வாசல் வரை வந்து இங்கரிடம் அவர் ஆக்னலைப் பற்றிச் சொன்னார். சூசையம்மாளைப் பற்றிச் சொன்னார். "புத்தகத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு உங்கள் பாஷை தெரியாது. ஆனால் இங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரியக் கூடாது." இங்கர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். நல்ல மனுஷி. அதில் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்தால், சூசையம்மாள் அடுப்புப் பக்கம் முனகிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். மெதுவாகத்தான் முனகினாள், எப்போதும் போலத்தான். ஆனால் அவர் காதுக்குள் பான்ஜோ அடித்தது. கோப்பைகள் மோதின. எத்தனை சாவு, எத்தனை வருஷம். தன் அப்பாவுக்கு வாசித்தார், அம்மாவுக்கு வாசித்தார், பிரசவத்தில் செத்த பெண்ணுக்கும் பொம்மைப் பெட்டி அளவுப் பெட்டிக்குள் கிடந்த அவள் குழந்தைக்கும் சேர்த்து வாசித்தார். எல்லாருக்கும் இன்னொரு கோப்பை ஊற்று, இன்னும் கொஞ்சம் குனி. பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பொன்னுவேலு வந்தாரு" என்றாள் சூசையம்மாள், அவர் உட்காருவதற்கு முன்னாலேயே. முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "தொரையோட ஊர்க்கார அம்மா வந்திருக்காமே. அவுங்க போனுக்குள்ள தொரை படமும் கொரலும் இருக்காம். நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா."

"அது சும்மா ஏதோ பேட்டி, சூசை."

"என்னவா இருந்தா என்ன. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அவுங்களச் சாப்பாட்டுக்குக் கூட்டியாங்க. நான் ஒரு கும்பிடு போடணும். எம் புள்ளய ஒப்படைக்க வழி சொன்ன மனுசனோட ஊர்க்காரிங்க அவுங்க."

மாஸ்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா மதுரைக்குப் போகிறாள் என்றார், காரம் ஆகாது என்றார், உடம்பு சரியில்லை என்றார். சூசையம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் வெள்ளனே எழுந்து, தானே பொன்னுவேலைக் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவிட்டாள். கூப்பிட்டால் வராமல் இருக்க இங்கருக்கு என்ன காரணம் சொல்லத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோழிக்குழம்பு, பட்டர் பீன்ஸ் பொரியல், ரசம். ஆக்னல் போன பிறகு அந்த வீட்டில் விருந்து என்று ஒன்று அன்றுதான். சூசையம்மாள் இங்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். அவள் பேசப் பேச மாஸ்டர் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், இங்கர் பேசப் பேசத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டமான வாசிப்பு வாசித்திருக்கிறார். இதற்கு ஈடாகாது.

"தொரைக்குப் பிள்ளைங்க உண்டான்னு கேளுங்க."

இங்கர் இல்லை என்றாள். "ஒரு பையன் இருந்து சின்னதிலேயே தவறிட்டானாம்" என்றார் மாஸ்டர்.

சூசையம்மாள் தலையை ஆட்டினாள். "நான் சொன்னேன்ல. எனக்குத் தெரியும்."

அப்புறம் அவள் பெட்டியைப் பிடித்தது, மழை, விரல், எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டர் அதை மட்டும் மாற்றாமல் சொன்னார். இங்கர் சாப்பிடுவதை நிறுத்தினாள். கன்னத்தில் தண்ணீர் வழிய சூசையம்மாளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களும் அப்படியே இருந்தார்கள். மாஸ்டருக்கு அப்போது ஒரு நிமிஷம், தப்பித்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது.

"தொரை கொரல ஒரு தடவ கேக்கணும்" என்றாள் சூசையம்மாள்.

மாஸ்டர் இங்கரிடம், போன் ரிப்பேர் என்று சொல்லிவிடுங்கள் என்றார். அவள் தலையசைத்தாள். அது இல்லையென்றால் மெதுவான பாட்டு வேறு ஏதாவது இருந்தால் போடுங்கள் என்றார். "அவர் மெதுவான பாட்டு போட்டதே இல்லை" என்றாள் அவள், பரிதாபமாக. "கையில் இருந்தால் ஆபத்து. பையில் வைத்துவிடுகிறேன்" என்று போனை எடுத்தாள். அது திறந்துகொண்டு, திரையில் ரெக்கார்டின் அட்டைப் படம் வந்தது. நடுவகிடு, ஒடுங்கிய முகம்.

பேண்டு ரூமில் மாலை போட்டுக் கும்பிட்ட முகம் ஆயிற்றே. "இந்தா இருக்காரே" என்று சூசையம்மாள் போனைக் கையில் வாங்கி, திருத்தலத்தில் சொரூபத்தைத் தொட்டு முத்துவதுபோல அந்தப் படத்தை விரலால் தொட்டாள், விரலைக் கொண்டுபோய் உதட்டில் வைத்தாள்.

கரகரப்பு வந்தது. அப்புறம் பாட்டு வந்தது.

மாஸ்டருக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. சூசையம்மாளுக்கு அதுகூட ஆகவில்லை. ஆக்னல் போன நாளிலிருந்து பகலும் ராத்திரியும் முனகியவள் அவள். இங்கர் அமர்த்தக் கையை நீட்டினாள். சூசையம்மாள் போனைக் கொடுக்கவில்லை. கடைசிவரை கேட்டாள். கூட்டமாகப் பாடினார்கள், கோப்பைகள் மோதின, ஏப்பச் சத்தம், சிரிப்பு. ஒரு பெண் கிறீச்சிட்டாள். மறுபடி சிரிப்பு. எந்தப் பாஷையாக இருந்தாலும் குடித்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு ஒன்றுதான்.

"எதுக்குங்க சிரிக்கிறாங்க?"

மாஸ்டர் தயாராக இல்லை. ஆனாலும் சொன்னார். "அது ஊர்ல அவுங்க இளவட்டத்துல பாடுன பாட்டு. தொரை இங்க வந்தப்புறம், மனசு நொந்துபோயி, செத்தவங்களுக்காக அத மாத்திப் போட்டாரு. செத்தவங்களுக்காகத்தான் மாத்திப் போட்டாரு, சூசை. அழுதுக்கிட்டே மாத்துனாராம்."

"சரி" என்றாள் அவள். போனை இங்கரிடம் கொடுத்தாள். "அம்மாவுக்கு ரசம் ஊத்துங்க. ஆறிரும்."

இங்கர் போன பிறகு பாத்திரம் கழுவினாள், கோழிகளை அடைத்தாள், ஜெபமாலை சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி மாஸ்டர் பக்கத்தில் படுத்துக் காத்திருந்தார். அவள் முனகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தால் கண் திறந்திருந்தது. தனக்கு நம்பிக்கை இல்லாத கடவுள்களிடமெல்லாம் அவர் அன்று வேண்டிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ரிசார்ட்டிலிருந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. கல்லறைக்குப் போகும் சரிவில் அவர் ஓடினார். அந்த வயசில் ஓடக்கூடாத ஓட்டம்.

பனி இறங்கியிருந்தது. சூசையம்மாள் ஆக்னலின் மேட்டின்மேல் குப்புறக் கிடந்தாள். தலைமாட்டு இரும்புச் சிலுவையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். புடவையெல்லாம் செம்மண்.

"எந்திரி சூசை. மழை வருது, வெரசா எந்திரி."

அவள் திரும்பவில்லை. "பொய் சொல்றப்ப சொன்னதையே திருப்பிச் சொல்வீங்க. கல்யாணமான நாள்ல இருந்து பாக்குறேன்" என்றாள். சத்தமில்லாத குரல். "அந்தாளு அழுகலதானங்க?"

மாஸ்டர் நின்றார். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"அழுகல" என்றார்.

"சிரிச்சாரா?"

"ம்."

அவள் சிலுவையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அத்தன பேரு இழுத்தும் நான் விடலங்க அன்னைக்கு. நீங்களே பாத்தீங்க. சாமியார் சொல்லி விடல, எங்க அக்கா சொல்லி விடல. ஒரு குடிகாரன் பாட்டுக்கு எம் புள்ளய விட்டுட்டேன்."

பிறகு முகத்தை மண்ணோடு வைத்துக்கொண்டு பேசினாள். "ஏலே ஆக்னலு. அம்மாவுக்குத் தெரியாதுலே. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்லே."

மாஸ்டர் மண்டியிட்டு அவள் விரலை எடுக்கப் பார்த்தார். ஒரு விரலை எடுத்தால் எடுத்த விரல் மறுபடி போய்ப் பிடித்தது. அதே வெளுத்த விரல்கள். தோளைப் பிடித்துத் தூக்கினார். சிலுவை அசைந்தது, அவள் கை அசையவில்லை. விஷயம் தெரிந்து பொன்னுவேல் ஓடி வந்தார், கூட இரண்டு பெண்கள். "மதினி, வாங்க மதினி" என்று அவர்கள் கெஞ்சினார்கள். மழை ஆரம்பித்தது.

பொன்னுவேலுக்கு ஒன்றும் தெரியாது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, மூச்சிரைக்க பேண்டு ரூமுக்குப் போய் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மாஸ்டர் முன்னால் வைத்தார். "வாசிங்க மாஸ்டர். அன்னைக்கும் அதுக்குத்தான விட்டாங்க."

ஸ்டீவன் மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். நாற்பது வருஷ வாசிப்பு. மாதா பாட்டு, மாப்பிள்ளை அழைப்பு, சினிமா, சற்பிரசாத ஆராதனை, கிறிஸ்துமஸ், எத்தனை நூறு பாட்டு கை விரலில் கிடந்தது. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒரு தாயைப் பார்த்து, போதும், விட்டுவிடு என்று சொல்லக்கூடியது அதில் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் ஒருவன் தொப்பியைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

பெட்டியைத் திறக்காமல் தள்ளி வைத்தார். சேற்றில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பிடித்தபடியே கிடந்தாள். மழை இருவர்மேலும் பெய்தது, அவர் அவளை விடச் சொல்லவில்லை.